ஐரோப்பாவுக்கு போல்ட் நட் அனுப்புகிறீர்களா? சிபாம் கணக்கைக் கம்பியிலிருந்து தொடங்குங்கள்

ஜெர்மனியிலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோ ஒரு மெயில் வருகிறது. கூடவே பல தாள்கள் கொண்ட ஓர் எக்செல். உங்கள் பொருளுக்குள் எவ்வளவு கார்பன் அடங்கியிருக்கிறது, நிரப்பி அனுப்புங்கள் என்று நாலு வரி. கோவையிலோ அம்பத்தூரிலோ பட்டறை நடத்துபவர் அதை ஆடிட்டருக்குத் தள்ளுவார். ஆடிட்டர் "இது நம்ம வேலை இல்லீங்களே" என்பார். கடைசியில் டிப்ளமா முடித்து வந்த ஒரு பையன் தலையில் வந்து விழும். அவன் ஈபி பில்லைப் பார்த்து ஏதோ ஓர் எண்ணைப் போட்டு அனுப்பிவிடுவான்.

2025 டிசம்பர் வரை இப்படி ஓட்ட முடிந்தது. 2023 அக்டோபரில் தொடங்கிய அந்தக் காலம் வெறும் அறிக்கை கொடுக்கும் காலம்தான், பணம் எதுவும் இல்லை. 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பாவுக்குள் நுழையும் சரக்குக்கு அந்த எண்ணைப் பெருக்கிப் பணம் கட்ட வேண்டும். இதைத்தான் சிபாம் என்கிறார்கள். தமிழில் சொன்னால் எல்லையில் கார்பனுக்குச் செய்யும் சரிக்கட்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தில் உருக்காலைகள் 2005 முதலே தாங்கள் விடும் கார்பனுக்கு உரிமச் சீட்டு வைத்திருக்க வேண்டும். அதில் பெரும்பங்கை இதுவரை இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். இப்போது அந்த இலவசத்தைப் படிப்படியாகக் குறைத்து 2034இல் நிறுத்தப் போகிறார்கள். உள்ளூர் ஆலை காசு கட்டும்போது வெளியிலிருந்து வரும் இரும்பு கட்டாமல் வந்தால் நியாயமா என்பது அவர்கள் வாதம். இது பருவநிலைக் கொள்கையா, பச்சைப் பெயிண்ட் அடித்த சுங்கச் சுவரா என்று டெல்லியும் பிரஸ்ஸல்ஸும் சண்டை போடட்டும். கன்டெய்னர் ஏற்ற வேண்டியவருக்கு அந்த வாதத்தால் பயன் இல்லை.

இந்த வழிகாட்டி இரும்பு, உருக்குப் பொருள் அனுப்பும் சிறு, நடுத்தர யூனிட்டுகளுக்கானது. உதாரணத்துக்கு போல்ட், நட் செய்யும் ஃபாஸ்டனர் யூனிட்டை எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: உங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா?

சிபாம் இப்போது ஆறு துறைகளைத் தொடுகிறது: இரும்பு-உருக்கு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம். ஆனால் "இரும்பு" என்றவுடன் எல்லா இரும்பும் இல்லை. எச்எஸ் கோடுதான், அதாவது சுங்கத்தில் பொருளை அடையாளம் காட்டும் எண்தான் பேசும்.

திருகாணி, போல்ட், நட், வாஷர் எல்லாம் 7318. பட்டியலில் உண்டு. பைப் ஃபிட்டிங் 7307, ஸ்ட்ரக்சர் வேலை 7308, இதர இரும்புப் பொருட்கள் 7326, இவையும் உண்டு. திருச்சியில் ஃபேப்ரிகேஷன் செய்பவர்கள் 7308-ஐக் கவனிக்கவும். வார்ப்புப் பொருட்களுக்கான 7325 இல்லை. பம்பு 8413, வால்வு 8481, இரண்டும் இல்லை. ஆக, ஒரே பவுண்டரியில் ஒரே உலையிலிருந்து ஊற்றிய இரும்பு பைப் ஃபிட்டிங்காகப் போனால் சிபாமுக்குள் வரும், பம்பு உறையாகப் போனால் வராது. விநோதம்தான், ஆனால் விதி அப்படி.

வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாகவும் இருக்க வேண்டாம். இரும்பும் அலுமினியமும் அதிகம் அடங்கிய சுமார் 180 கீழ்நிலைப் பொருட்களுக்கும் 2028 முதல் இதை நீட்டிக்க ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கணக்கில் எடுப்பது உங்கள் ஷிப்பிங் பில்லில் இருக்கும் கோடு அல்ல, அங்கே இறக்குமதியாளர் சுங்கத்தில் போடும் கோடு. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான், அதற்குப் பிறகு மாறும். அதனால் வாங்குபவரிடமே அவர் போடும் எட்டு இலக்கக் கோடை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிபாமிலிருந்து தப்பிக்கக் கோடை மாற்றிப் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள். ஐரோப்பியச் சுங்கத்தில் மாட்டினால் போவது வாங்குபவரின் பணமும் உங்கள் ஆர்டரும்.

இரண்டாம் படி: வாங்குபவரிடம் நாலு கேள்வி

சிபாம் கட்டுவது இறக்குமதியாளர், நீங்கள் இல்லை. சட்டப்படி உங்களுக்கு அபராதம் வராது. ஆனால் அவர் கட்டும் பணம் அடுத்த விலைப் பேச்சில் உங்கள் மேஜைக்குத்தான் வரும். அதனால் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வருஷத்துக்கு 50 டன்னுக்கு மேல் சிபாம் பொருட்கள் இறக்குகிறீர்களா? 2025 அக்டோபரில் வந்த திருத்தப்படி, ஓர் இறக்குமதியாளர் ஒரு காலண்டர் ஆண்டில் இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் எல்லாம் சேர்த்து 50 டன் வரை இறக்கினால் அவருக்கு இந்தக் கடமை கிடையாது. பலர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு "நாம் 30 டன்தானே அனுப்புகிறோம்" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்த 50 டன் உங்களுக்கானது அல்ல. அவர் சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வாங்குவதும் அதில் சேரும். தாண்டிவிட்டால் முதல் டன்னிலிருந்தே கணக்கு.

சிபாம் அறிவிப்பாளராக அனுமதி வாங்கிவிட்டீர்களா? 50 டன்னைத் தாண்டும் இறக்குமதியாளருக்கு இது கட்டாயம். இல்லாவிட்டால் உங்கள் சரக்கு ஹாம்பர்க்கில் நிற்கும்.

என் உண்மைக் கணக்கைப் பயன்படுத்துவீர்களா, அல்லது ஆணையம் வெளியிட்ட இயல்புநிலை எண்ணைப் போடுவீர்களா? இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கடைசிக் கேள்வி டெலிவரி நிபந்தனை பற்றியது. எஃப்ஓபி (கப்பலில் ஏற்றுவது வரை உங்கள் பொறுப்பு), சிஐஎஃப் (கப்பல் கட்டணமும் காப்பீடும் உங்களுடையது) என்றால் இறக்குமதியாளர் அவர். டிடிபி-யில் சுங்க வரி உட்பட எல்லாம் உங்கள் தலையில். ஐரோப்பாவில் உங்களுக்கு நிறுவனம் இல்லாததால் அங்கே ஒரு மறைமுகச் சுங்கப் பிரதிநிதியை வைக்க வேண்டியிருக்கும், சிபாம் கடமையை அவர் சுமப்பார், பில்லை உங்களுக்கு அனுப்புவார். டிடிபி விலையில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் இன்றே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: கார்பன் எங்கே இருக்கிறது?

இந்தப் படியில்தான் பெரும்பாலானவர்கள் வழி தவறுகிறார்கள். கார்பன் என்றதும் கண் முதலில் ஈபி மீட்டருக்குப் போகிறது. பிறகு ஃபர்னஸுக்கு. ஃபாஸ்டனர் யூனிட்டில் இரண்டும் சின்ன சமாச்சாரம்.

ஒரு டன் போல்ட் செய்ய உங்களுக்கு 1.1 டன் வயர் ராடு, அதாவது உருக்குக் கம்பி, தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது சுரங்கத் தாதுவை நிலக்கரியால் உருக்கும் பெரிய ஆலையில் செய்தது, டன்னுக்கு 2.2 டன் கார்பன் டை ஆக்சைடு என்று வைப்போம். கம்பி உங்கள் கேட்டுக்குள் நுழையும்போதே 2.42 டன் வந்துவிட்டது. ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கு ஒரு டன் போல்ட்டுக்கு 50 கிலோ எல்பிஜி எரிகிறது என்றால் அதிலிருந்து வருவது சுமார் 150 கிலோ, அதாவது 0.15 டன். மொத்தம் 2.57. இதில் உங்கள் பங்கு ஆறு சதவீதம்கூட இல்லை. சிபாம் கணக்கில் கம்பிக்கு முன்னோடிப் பொருள் என்று பெயர். முன்னோடியின் கார்பன் முழுக்க உங்கள் பொருளில் ஏறும். அறுத்துப் போட்ட துண்டு, ரிஜெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான்.

அப்போ மின்சாரம்? இரும்பு-உருக்குக்கும் அலுமினியத்துக்கும் இப்போது பணம் கட்டும் கணக்கில் நேரடி உமிழ்வு மட்டும்தான். வாங்கிய மின்சாரத்தின் கார்பன் சேராது. சிமென்ட்டுக்கும் உரத்துக்கும்தான் அது சேரும். "சிபாமுக்காக" என்று சொல்லிக் கூரையில் சோலார் போட விற்பனையாளர்கள் வருகிறார்கள். சோலார் போடுங்கள், ஈபி பில் குறையும். தங்கள் கொள்முதல் சங்கிலியின் மின்சாரக் கார்பனையும் கேட்கும் பெரிய நிறுவனங்களுக்குக் காட்டவும் உதவும். ஆனால் உங்கள் போல்ட்டின் சிபாம் தொகை அதனால் ஒரு யூரோகூடக் குறையாது. இதைத் தெரிந்துகொண்டு முதலீடு செய்யுங்கள்.

நாலாம் படி: கம்பி கொடுப்பவரிடம் போங்கள்

முழு வேலையில் பாதி இதுதான், அதிலும் கஷ்டமான பாதி.

கம்பி நேரடியாகப் பெரிய ஆலையிலிருந்து வந்தால் பிரச்சனை குறைவு. அவர்கள் ஐரோப்பாவுக்குத் தாங்களே ஏற்றுமதி செய்கிறவர்கள், எண் தயாராக வைத்திருப்பார்கள். எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்த ஆலை, எந்த உற்பத்தி வழி, டன்னுக்கு நேரடி உமிழ்வு எவ்வளவு, எந்த ஆண்டுக்கான கணக்கு, சரிபார்ப்பாளர் கையெழுத்திட்டாரா. சரிபார்க்காத எண் நாளைக்கு உங்கள் கணக்கையும் சேர்த்துக் கவிழ்க்கும்.

ஸ்டாக்கிஸ்ட்டிடம் வாங்குபவர்கள்தான் அதிகம். அவர் மூன்று ஆலைச் சரக்கை ஒரே ஷெட்டில் அடுக்கி வைத்திருப்பார். இங்கே உங்களைக் காப்பாற்றக்கூடியது ஹீட் நம்பர், அதாவது ஒவ்வொரு முறை உருக்கி வார்க்கும் தொகுதிக்கும் ஆலை போடும் எண். மில் டெஸ்ட் சர்டிபிகேட்டில் இருக்கும் ஹீட் நம்பரை உங்கள் உள்வரவுப் பதிவில் ஏற்றி, அங்கிருந்து உற்பத்தி பேட்ச், அங்கிருந்து இன்வாய்ஸ் என்று ஒரு நூல் கோர்த்துவிடுங்கள். தரத்துக்காகப் பல யூனிட்டுகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. அதே பதிவில் கார்பனுக்கு ஒரு நெடுவரிசை சேர்த்தால் போதும். சர்டிபிகேட் இல்லாத கம்பி கிலோவுக்கு ஒரு ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அந்த ஒரு ரூபாய் எங்கே போகிறது என்று ஆறாம் படியில் பார்ப்பீர்கள்.

இண்டக்‌ஷன் ஃபர்னஸ் வைத்திருக்கும் உள்ளூர் ஆலைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஸ்க்ராப்பை உருக்கினால் கார்பன் குறைவு, ஏனென்றால் சிபாமில் இப்போது ஸ்க்ராப்புக்குச் சுமை பூஜ்யம். உலை மின்சாரத்தில் ஓடுவதும் கணக்கில் இல்லை. அப்படியானால் உள்ளூர்க் கம்பி எல்லாம் பச்சைதானே? அவசரம் வேண்டாம். அந்த உலையில் ஸ்க்ராப்புடன் ஸ்பாஞ்ச் அயர்னும் (தாதுவை உருக்காமல் அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கிச் செய்த இரும்பு) போடுவார்கள். நம் நாட்டில் ஸ்பாஞ்ச் அயர்னில் பெரும்பகுதி நிலக்கரியில் செய்வது. அதுவும் ஒரு முன்னோடிப் பொருள், சுமை கனமானது. எனவே "நாங்கள் இண்டக்‌ஷன்" என்ற பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். உலையில் போடும் கலவையில் ஸ்க்ராப் எத்தனை சதவீதம், ஸ்பாஞ்ச் எத்தனை, ஸ்பாஞ்ச் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நம் நாட்டின் சராசரி டன் கச்சா உருக்குக்குச் சுமார் 2.5 டன், உலகச் சராசரி 1.9 அருகே. இந்த இடைவெளிக்கு நிலக்கரி ஸ்பாஞ்ச் ஒரு முக்கியக் காரணம்.

மத்திய உருக்கு அமைச்சகம் 2024 டிசம்பரில் பச்சை உருக்குக்கு நட்சத்திர வரையறை வெளியிட்டது. டன்னுக்கு 2.2 டன்னுக்குக் கீழ் இருந்தால் பச்சை, 1.6-க்குக் கீழ் என்றால் ஐந்து நட்சத்திரம். நல்ல விஷயம். ஆனால் அந்த எண்ணை அப்படியே சிபாம் எக்செல்லில் போடக் கூடாது. அதில் மின்சாரமும் சேர்ந்திருக்கும், எல்லைக்கோடு வேறு. ஆலையைத் தேர்ந்தெடுக்க நட்சத்திரத்தைப் பாருங்கள், நிரப்புவதற்கு சிபாம் எண்ணைத் தனியாகக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: சொந்தப் பதிவு

இது சுலபம். எரிக்கும் எரிபொருள் ஒவ்வொன்றுக்கும் மாதாமாதம் அளவு எழுதுங்கள். கொள்முதல் பில்லோடு தொடக்க இருப்பு, முடிவு இருப்பும் வேண்டும். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ, எல்பிஜி கிலோவுக்குச் சுமார் 3 கிலோ, ஃபர்னஸ் ஆயில் கிலோவுக்கு 3.1 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு வரும். ஜெனரேட்டர் டீசலைத் தனியாக வையுங்கள், அது மின்சாரக் கணக்கில் போகும். கூடவே பொருள் வாரியாக உற்பத்தி டன். பாதிப் பேருக்கு இது இருப்பதில்லை, எண்ணிக்கையில்தான் இருக்கும். எடை வேண்டும்.

நம் கணக்குப் புத்தகம் ஏப்ரலில் தொடங்கும், சிபாம் ஆண்டு ஜனவரியில் தொடங்கும். டிசம்பர் 31 அன்று ஒரு முறை ஸ்டாக் எடுத்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை.

ஆறாம் படி: எவ்வளவு பணம்?

"2026இல் வெறும் 2.5 சதவீதம்தான், பயப்பட வேண்டாம்" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். அந்த எண் உண்மை, புரிதல் தவறு.

2.5 சதவீதம் என்பது ஐரோப்பிய ஆலைகளின் இலவசச் சீட்டில் 2026இல் வெட்டும் அளவு. அடுத்தடுத்து 2027இல் 5, 2028இல் 10, 2029இல் 22.5, 2030இல் 48.5 என்று ஏறி 2034இல் 100 ஆகும். உங்கள் பொருளுக்குக் கணக்குப் போடும்போது முழுக் கார்பனிலிருந்து ஒரு பெஞ்ச்மார்க் அளவை, அதாவது அங்கே கொடுக்கும் இலவசச் சீட்டுக்கு ஈடாக வைத்திருக்கும் அளவைக் கழிப்பார்கள். 2026இல் அந்தப் பெஞ்ச்மார்க்கில் 97.5 சதவீதம் கழியும். அதாவது பெஞ்ச்மார்க்குக்கு மேல் இருக்கும் கார்பனுக்கு முதல் நாளிலிருந்தே முழுப் பணம்.

கணக்குக்காக மட்டும் பெஞ்ச்மார்க் 1.4 டன் என்றும், ஒரு டன் கார்பனுக்கு இறக்குமதியாளர் வாங்க வேண்டிய சிபாம் சீட்டின் விலை 75 யூரோ என்றும் வைத்துக்கொள்வோம். பெஞ்ச்மார்க் உற்பத்தி வழிக்கு ஏற்ப மாறும், ஸ்க்ராப் வழிக்கு மிகக் குறைவு. விலையும் அங்கே ஏலச் சந்தையில் ஏறி இறங்கும். நம் போல்ட் 2.57 டன். 2026இல் கழிவு 1.365, மீதி 1.205 டன். பெருக்கினால் சுமார் 90 யூரோ. 2030இல் அதே போல்ட்டுக்கு 139 யூரோ, 2034இல் 193. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் 2026இலேயே கிலோவுக்கு 9 ரூபாய். 2.5 சதவீதம் என்று நம்பியவர் போட்டிருக்கும் கணக்கு டன்னுக்கு 5 யூரோ, அதாவது கிலோவுக்கு 50 காசு. ஃபாஸ்டனரில் கிலோவுக்கு எத்தனை ரூபாய் நிற்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இனி இயல்புநிலை எண். உங்களிடம் உண்மைக் கணக்கு இல்லாவிட்டால் நாட்டு வாரியாக ஆணையம் வைத்திருக்கும் எண்ணைப் போடலாம். தடையில்லை. ஆனால் அதன் மேல் 2026இல் 10 சதவீதம், 2027இல் 20, 2028 முதல் 30 சதவீதம் கூடுதல் வைப்பார்கள், உரத்துக்கு மட்டும் இது மிகக் குறைவு. அடிப்படை எண் 3 டன் என்றால் கணக்கில் 3.3, பிறகு 3.6, பிறகு 3.9. வாங்குபவர் "பரவாயில்லை, இயல்புநிலை எண்ணே போட்டுக்கொள்கிறோம்" என்று சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் சலுகை இல்லை. கூடுதல் பணத்தை யார் கட்டுவது என்று உடனே கேளுங்கள். நல்ல ஆலைக் கம்பி வாங்கியும் காகிதம் இல்லாததால் மோசமான ஆலையின் விலை கொடுப்பீர்கள். சர்டிபிகேட் இல்லாத கம்பியில் மிச்சம் பிடித்த ஒரு ரூபாய் இங்கேதான் பல மடங்காகத் திரும்பிப் போகிறது.

ஏழாம் படி: சரிபார்ப்பு

உண்மைக் கணக்கைப் போட அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் கையெழுத்து வேண்டும். அந்த அங்கீகாரம் ஐரோப்பிய நாட்டு அமைப்பிடமிருந்து வந்ததா என்று பார்த்து ஒப்பந்தம் போடுங்கள். வேறு எந்தச் சான்றிதழை நீட்டினாலும் இங்கே செல்லாது. முதல் ஆண்டுக்கு அவர் நேரில் வந்து பட்டறையைப் பார்ப்பார். கட்டணம் சிறு யூனிட்டுக்குச் சுமைதான். ஒரே பகுதியில் நாலைந்து யூனிட்டுகள் சேர்ந்து ஒரே பயணத்தில் பார்க்கச் சொன்னால் போக்குவரத்துச் செலவாவது பகிரப்படும்.

காலம் தாராளமாக இருப்பது போலத் தோன்றும். 2026இல் இறங்கிய சரக்குக்கான சீட்டு விற்பனை 2027 பிப்ரவரி 1இல் தொடங்கும், இறக்குமதியாளர் 2027 செப்டம்பர் 30க்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஆனால் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். செப்டம்பரில் அவர் கொடுக்க, கோடைக்குள் உங்கள் சரிபார்த்த எண் வேண்டும். அதற்கு முன் கம்பி ஆலையின் சரிபார்த்த எண் வேண்டும். எல்லோரும் ஒரே சில மாதங்களில் ஒரே சரிபார்ப்பாளர்களைத் தேடுவார்கள். ஜனவரியிலேயே தேதி வாங்கிவிடுங்கள்.

இன்னொரு வசதி உண்டு, பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள உற்பத்தியாளரும் சிபாம் பதிவேட்டில் நேரடியாகப் பதிவு செய்துகொள்ளலாம், ஐந்து ஆண்டு செல்லும். உங்கள் எண்ணை ஒரு முறை அங்கே ஏற்றி, வாங்கும் ஒவ்வொருவருக்கும் திறந்துவிடலாம். எட்டு பேருக்கு எட்டு எக்செல் நிரப்பும் வேலை மிச்சம்.

எட்டாம் படி: ஒப்பந்தத்தில் ஒரு வரி

விலைப்புள்ளி கொடுக்கும்போது கார்பனைத் தனி வரியாகக் காட்டுங்கள். எந்த உமிழ்வு எண்ணின் அடிப்படையில் இந்த விலை, சீட்டு விலை எவ்வளவுக்கு மேல் போனால் திரும்பப் பேசுவோம், எண் குறைந்தால் அந்த லாபத்தில் உங்களுக்கு எவ்வளவு. கடைசியதை யாரும் கேட்பதில்லை. ஸ்க்ராப் வழிக் கம்பிக்கு மாறி இறக்குமதியாளருக்கு டன்னுக்கு ஐம்பது யூரோ மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டு, கம்பியின் கூடுதல் விலையை மட்டும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லையே?

உள்நாட்டிலேயே கார்பனுக்கு உண்மையாகக் கட்டிய விலை இருந்தால் சிபாமில் கழித்துக்கொள்ளலாம் என்றும் விதியில் இருக்கிறது. நம் நாட்டின் கார்பன் வணிகத் திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டு, பெரிய ஆலைகளுக்கு இலக்கு வைப்பதில் தொடங்கியிருக்கிறது. உங்கள் கம்பி ஆலை அதில் பணம் கட்ட நேர்ந்தால் அந்த ரசீதின் நகல் உங்களுக்கும் வேண்டும். ஆலைக்கு அனுப்பும் கேள்விப் பட்டியலில் இதையும் சேர்த்துவிடுங்கள்.

பிரிட்டனுக்கும் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்களுடைய சிபாம் 2027 ஜனவரி 1 முதல். அங்கே சீட்டு கிடையாது, நேரடி வரி. விலக்கு எடையில் இல்லை, பன்னிரண்டு மாதத்தில் 50,000 பவுண்டு மதிப்பு என்று வைத்திருக்கிறார்கள். ஹீட் நம்பர், எல்பிஜி பதிவு, ஆலையின் கடிதம் மூன்றும் அங்கேயும் அதேதான். ஃபைலில் தனி டிவைடர் மட்டும் போட்டு வையுங்கள்.